ஈபோ பெட்டிக்குள் கிடக்கிறது: மின்கிட்டாரின் வித்தைச் சாமான்கள்

கேள்வி, ஜனவரி 6

"ஈபோ ஒன்று வாங்கி மூன்று மாதம் ஆகிறது. முதல் இரண்டு வாரம் சாப்பாடு தூக்கம் இல்லாமல் வாசித்தேன். அப்புறம் என்னவோ கம்பி சோம்பேறித்தனமாக எழுந்தது, எனக்கும் அலுத்துவிட்டது. இப்போது பெட்டிக்குள் கிடக்கிறது. வயலின் வில், ட்ரில் மெஷின், வாயில் குழாய், தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் கிட்டார் என்று என்னென்னவோ வருகிறது. எல்லாமே கூட்டத்தைக் கைதட்ட வைக்கிற வித்தைதானே? இவற்றை வைத்து யாராவது உருப்படியாக வாசித்திருக்கிறார்களா?"

ஜனவரி 6, இரவு

வித்தை என்பதை ஏன் வசவாகச் சொல்கிறீர்கள்? மின்கிட்டாரே வித்தைச் சாமானாகத்தான் பிறந்தது. 1930களின் தொடக்கத்தில் ஜார்ஜ் பீச்சம் வடிவமைத்த ரிக்கன்பாக்கர் கிட்டாரைப் படத்திலாவது பாருங்கள். வட்டமான சின்ன உடம்பு, நீளமான கழுத்து, முழுக்க அலுமினிய வார்ப்பு. வாணலி மாதிரி இருக்கிறது என்று ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் விழுந்தது. ஒலிப்பெட்டி கிடையாது. ஆம்ப் (ஒலிபெருக்கி) இல்லாமல் மீட்டினால் கொசு ரீங்காரம்தான். 1937இல் காப்புரிமை கைக்கு வந்தபோது மற்றக் கம்பெனிகள் மின்கிட்டார் விற்க ஆரம்பித்திருந்தன.

ஈபோ தெரியாதவர்களுக்கு: கம்பி மேல் பிடித்தால் மீட்டாமலே ஒலிக்க வைக்கும், உள்ளங்கையில் அடங்கும் பிளாஸ்டிக் சாமான். உள்ளே 9 வோல்ட் பேட்டரி, இரண்டு சுருள்கள். ஒரு சுருள் கம்பியின் அசைவை உணர்கிறது. இன்னொன்று அதே அசைவைப் பெருக்கிக் காந்தப்புலமாகத் திருப்பிக் கொடுத்துக் கம்பியைத் தள்ளுகிறது. ஊஞ்சலை நேரம் பார்த்துத் தள்ளுகிற மாதிரி. தள்ளிக்கொண்டே இருப்பதால் ஓசை ஓயாது. கிரெக் ஹீட் என்பவர் 1969இல் கண்டுபிடித்து 1976இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். எஃகுக் கம்பிக்கு மட்டும்தான். நைலான் கம்பி மேல் வைத்தால் அது பாட்டுக்குச் சும்மா கிடக்கும்.

உருப்படியான இசை வேண்டுமா? டேவிட் போவியின் 1977 ‘ஹீரோஸ்’ பாட்டில் பின்னால் நீண்டு அழுகிற கிட்டாரைக் கேளுங்கள். ஈபோதான்.

ஜனவரி 7

இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன், இரண்டு பேர் காதைத் திருகிவிட்டார்கள். ‘ஹீரோஸ்’ பாட்டில் ராபர்ட் ஃபிரிப் வாசித்தது ஈபோ கிடையாது, ஆம்ப் ஃபீட்பேக், அதாவது ஆம்பின் சத்தமே கம்பியைத் திரும்ப அதிரவைக்கும் ஊளை. ஆம்புக்கு எவ்வளவு தூரத்தில் நின்றால் எந்தச் சுரம் ஊளையிடும் என்று கண்டுபிடித்துத் தரையில் டேப் ஒட்டிக் குறி வைத்துக்கொண்டார். அந்தக் குறிகளுக்கு இடையே நகர்ந்து நகர்ந்து வாசித்திருக்கிறார். பிற்பாடு மேடையில் அதே பாட்டை வாசித்த மற்றவர்கள் ஈபோ பிடித்தார்கள். அதைப் பார்த்த நினைவு என் மண்டையில் ஒட்டிக்கொண்டது.

பத்து வருடமாக நான்கு பேருக்காவது இதைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மன்னிக்கவும்.

ஆனால் இது கேள்வி கேட்டவருக்குச் சாதகமா, எனக்குச் சாதகமா? அவர் "பார்த்தீர்களா, சாமான் இல்லாமலேயே வந்திருக்கிறது" என்பார். தரையில் டேப் ஒட்டிக்கொண்டு நடமாடுவதைவிடப் பெரிய வித்தை எது என்று நான் கேட்பேன்.

ஜனவரி 9

ஃபஸ் பெடலை, அதாவது கிட்டார் சத்தத்தைக் கொரகொரப்பாக்கும் கால்மிதிப் பெட்டியைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார், அது வித்தையா என்று. கெட்டுப்போன கருவியிலிருந்து பிறந்த சத்தம் அது. 1961இல் வெளியான மார்ட்டி ராபின்ஸ் பாட்டு ஒன்றில் கிரேடி மார்ட்டினின் ஆறு கம்பி பேஸ், பழுதான மிக்ஸர் சானல் வழியாகப் போய்க் கொரகொரவென்று பதிவானது. தூக்கி எறிய வேண்டிய பதிவு. வைத்துக்கொண்டார்கள். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்நாடி அந்தப் பழுதையே சர்க்யூட்டாகச் செய்தார். 1962இல் மேஸ்ட்ரோ ஃபஸ்டோன் என்று அது கடைக்கு வந்தது.

இதில் எனக்குப் பிடித்த சங்கதி, அதை விற்ற விதம். உங்கள் கிட்டார் ட்ரம்பெட் மாதிரி, ட்ராம்போன் மாதிரி, செல்லோ மாதிரி கேட்கும் என்று விளம்பரம் செய்தார்கள். எந்த மாதிரியும் கேட்காது. தகரத்துக்குள் தேனீ மாட்டிக்கொண்ட மாதிரி கேட்கும். கடைகளில் தேங்கிவிட்டது. 1965இல் ரோலிங் ஸ்டோன்ஸின் ‘சாட்டிஸ்ஃபேக்‌ஷன்’ வந்த பிறகு மிச்சமிருந்தது அத்தனையும் விற்றுத் தீர்ந்தது. அதிலும் வேடிக்கை என்னவென்றால், கீத் ரிச்சர்ட்ஸ் அந்த ரிஃபை (திரும்பத் திரும்ப வரும் மெட்டுத்துண்டை) ஃபஸ்ஸில் வாசித்தது பித்தளை வாத்தியங்களுக்காக. பிறகு ட்ரம்பெட் கோஷ்டி வந்து இதை வாசிக்கும், இப்போதைக்கு இடம் பிடித்து வைப்போம் என்று துண்டு போட்ட மாதிரி. துண்டே உட்கார்ந்துவிட்டது.

ஜனவரி 9, கொஞ்ச நேரம் கழித்து

ஃபஸ் என்றதும் ஞாபகம் வந்தது. பழைய ஜெர்மேனியம் ஃபஸ் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், நான் பட்டது போதும்.

அவற்றில் பலவற்றுக்கு நேர்முனைதான் எர்த். மற்றப் பெடல்களுக்கெல்லாம் எதிர்முனை எர்த். நான் ஒரே அடாப்டரிலிருந்து கிளை கிளையாகப் பிரியும் ஒயரில் ஐந்து பெடலையும் மாட்டினேன். ஆறாவதாக இந்த ஃபஸ். ஆடியோ கேபிளின் வெளிக்கம்பி எல்லாப் பெடலின் எர்த்தையும் ஒன்றாகக் கட்டிவிடுகிறது இல்லையா, அதனால் அடாப்டரின் பிளஸ்ஸும் மைனஸும் நேருக்கு நேர் முட்டிக்கொண்டன. ஆறு விளக்கும் ஒரே நேரத்தில் அணைந்தன. மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து ஜன்னல் வழியாகப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்தேன். அங்கே விளக்கு எரிகிறது. அப்புறம்தான் அடாப்டர் பக்கமிருந்து சூடான பிளாஸ்டிக் வாசனை.

அந்த ஃபஸ்ஸுக்குத் தனிப் பேட்டரி போடுங்கள். அவ்வளவுதான் மருந்து. இன்னொன்று, ஜெர்மேனியம் ட்ரான்சிஸ்டர் வெயில் குளிர் பார்க்கும். காலையில் தேனாக இருந்த பெடல் மத்தியானம் வெயிலில் வைத்தால் இருமும்.

ஜனவரி 13

வயலின் வில்லைப் பற்றி. லெட் செப்பெலின் குழுவின் ஜிம்மி பேஜ் என்றுதான் எல்லோரும் எழுதுகிறீர்கள். அவருக்கு முன்னால் தி கிரியேஷன் குழுவின் எடி ஃபிலிப்ஸ் வில் போட்டார். இருக்கட்டும்.

நானும் ஒரு வில் வாங்கி முயன்றேன். முதல் பிரச்சினை வளைவு. வயலினில் கம்பிகளைத் தாங்கும் பாலம் நல்ல வளைவாக இருக்கும், வில்லைச் சாய்க்கிற கோணத்தை வைத்து எந்தக் கம்பி வேண்டுமோ அதை மட்டும் தொடலாம். கிட்டாரில் அந்த வளைவு மிகப் பெரிய வட்டத்தின் துண்டு. பழைய ஃபெண்டர் கழுத்துக்கு 7.25 அங்குல ஆரம், கிப்ஸனுக்கு 12. கிட்டத்தட்டத் தட்டைதான். முதல் கம்பியையும் ஆறாவது கம்பியையும் தனியாக இழுக்கலாம், ஓரத்தில் இருப்பதால். நடுவில் இருக்கிற நாலும் கூட்டுக் குடும்பம், ஒன்றைத் தொட்டால் எல்லாம் கூடவே வரும்.

இரண்டாவது ரோசின். வில்லுக்குப் பூசும் அந்தப் பிசின்தூள் கம்பியெல்லாம் ஒட்டி, பிக்கப் (கம்பியின் அசைவை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) மேல் வெள்ளையாகப் படிந்து, கழுத்தில் ஏறி, மறுநாள் கம்பியைத் தள்ளிச் சுரத்தை ஏற்றப் போனால் விரல் வழுக்காமல் நின்றுவிடுகிறது. கமகம் மாதிரி இழைய வேண்டிய இடத்தில் கதவு கீல் மாதிரி க்ரீச். ஒரு செட் கம்பியைத் தூக்கிப் போட்டேன்.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். நிறைய எக்கோ போட்டு, ஆறாவது கம்பியை மட்டும் மெதுவாக இழுத்தபோது வந்த சத்தம்... முதுகில் சில்லென்றது. இருபது நொடிதான். அந்த இருபது நொடி வேறு எதிலும் எனக்குக் கிடைத்ததில்லை, ஈபோவிலும் கூட. ஈபோ வழவழ. வில் சொரசொர.

ஜனவரி 14

ட்ரில் பற்றி எழுதியவருக்கு. 1991இல் இரண்டு ட்ரில்கள் வந்தன, இரண்டும் வேறு வேறு வேலை. மிஸ்டர் பிக் குழுவின் பால் கில்பர்ட் ட்ரில்லின் முனையில் பிக்குகளை (கம்பி மீட்டும் வில்லைகளை) ஒட்டிச் சுழலவிட்டார். அது கம்பியைத் தொட்டு மீட்டுகிறது. எடி வான் ஹேலன் ட்ரில்லைப் பிக்கப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அது கம்பியைத் தொடவே வேண்டாம். மோட்டாரின் காந்தப்புலத்தையே பிக்கப் வாங்கி ஆம்புக்கு அனுப்பிவிடும்.

இரண்டாவதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம், ட்ரில் வேண்டாம். மின்சாரப் பல்துலக்கியை ஓடவிட்டுப் பிக்கப்பின் அருகே பிடியுங்கள். வண்டு மாதிரி ஒரு சுரம் வரும். கிட்ட வந்தால் பெருகும், தள்ளிப் போனால் தேயும். என்னுடையதில் கொஞ்சம் அழுத்தினால் மோட்டார் திணறிச் சுரம் இறங்குகிறது. அப்படியே ஒரு மாதிரி மெட்டுப் போட்டுவிட்டேன், சத்தியமாக. ஹம்பக்கர் வகைப் பிக்கப் என்றால் சத்தம் குறையும், அந்த மாதிரி வெளி இரைச்சலை வெட்டத்தானே அதில் இரண்டு சுருளை எதிரெதிராக வைத்தார்கள். ஒற்றைச் சுருள் உள்ள சிங்கிள் காயிலில் செய்யுங்கள்.

முதல் வகையை நான் செய்யவில்லை. முதல் கம்பி முகத்துக்கு நேராக அறுந்தால் என்ன ஆகும் என்று தெரியும், கன்னத்தில் ஒரு கோடு இருக்கிறது. அது வேறு கதை.

ஜனவரி 20

ஒரு வாரம் யோசித்தேன். எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஒரு சாமானை மோசமாக வாசிக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் அது வாத்தியம். யார் வாசித்தாலும் ஒரே மாதிரி வரும் என்றால் பொம்மை.

டாக் பாக்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்பின் சத்தத்தை ஒரு குழாய் வழியாக வாய்க்குள் விடுகிறோம். வாயை ‘ஆ’ என்று வைத்தால் கிட்டார் ‘ஆ’ என்கிறது, ‘ஈ’ என்றால் ‘ஈ’. வெளியே வருவதை மைக் பிடிக்கிறது. பாப் ஹைல் 1973இல் மேடைக்குத் தாங்குகிற மாதிரி ஒன்று செய்தார். 1976இல் பீட்டர் ஃபிராம்ப்டனின் நேரடி நிகழ்ச்சி ஆல்பத்துக்குப் பிறகு உலகத்துக்கே தெரிந்தது.

நண்பர் ஒருவருடையதை ஒரு மாதம் வைத்திருந்தேன். முதல் நாள் பல் முழுக்க அதிர்கிறது, மேல் கடைவாய்ப்பல் அடைப்பு விழுந்துவிடுமோ என்று பயம். இரண்டாம் நாள் குழாயில் எச்சில். மூன்றாம் நாள்தான் தெரிந்தது, நான் தொண்டையிலும் கூடவே முனகிக்கொண்டிருக்கிறேன் என்று. தொண்டை சும்மா இருக்க வேண்டும். நாக்கும் உதடும் மட்டும். ‘க’ வரவே வரவில்லை, ‘வ’ உடனே வந்தது. நாலாவது வாரம் ஒரு முழு வாக்கியம், கேட்டவர் பாதி புரிகிறது என்றார். படுமோசம். ஆனால் மோசத்திலும் ஒரு வரிசை இருந்தது, இன்றைய மோசம் நேற்றைய மோசத்தைவிடக் கொஞ்சம் குறைவு. கற்றுக்கொள்ள அங்கே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம்.

ஈபோவும் அப்படித்தான். பக்கத்துக் கம்பி இரண்டின் மேல் அதை உட்கார்த்தி நடுக்கம்பியை ஓட்டுகிறோம். இறக்கும்போது டக் என்று ஒரு சத்தம் வரும். அந்த டக்கை மறைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. கழுத்துப் பக்கம் மெல்ல இறக்கிவிட்டு, ஓடுகிற பிக்கப்பை நோக்கி நகர்த்திக்கொண்டே போனால் சத்தம் பூ மாதிரி விரியும். பிக்கப்புக்கு நேர் மேலே போனதும் சட்டென்று பெருகும். அந்த இரண்டு விரற்கடைக்குள்தான் மெல்லிசும் கனமும் எல்லாம் இருக்கிறது. கேள்வி கேட்டவரே, நீங்கள் இதைச் செய்து பார்த்தீர்களா?

ஜனவரி 21

"அப்படியானால் சுருதி காட்டும் ட்யூனரும் பொம்மைதானா?" என்று கேட்கிறார் ஒருவர். நல்ல அடி.

ட்யூனர் வாத்தியமும் கிடையாது பொம்மையும் கிடையாது, திருப்புளி மாதிரி. சரி, அளவுகோலில் மூன்றாவது அறை ஒன்று திறக்கிறேன்: திருப்புளிகள்.

தானே சுருதி சேர்த்துக்கொள்ளும் கிட்டாரும் அந்த அறையில்தான். கிப்ஸன் 2007இல் ரோபோ கிட்டார் என்று விட்டது. மோட்டார் வைத்த முறுக்காணிகள் தாமே சுழலும். 2015இல் தன் அமெரிக்கக் கிட்டார்களில் பெரும்பாலானவற்றுக்கு அந்த மாதிரித் தானியங்கி ஆணிகளைப் போட்டுக் கொடுத்தது, வாங்குகிறவர்கள் முறைத்தார்கள், அடுத்த வருடமே பின்வாங்கியது. எனக்கு அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. பாட்டுக்கு நடுவே ஆணியைத் திருகிக்கொண்டே சபையைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவதற்குக் கிடைக்கிற நேரம் இருக்கிறதே, அது தண்ணீர் குடிக்கும் நேரம்.

ஜனவரி 21, மறுபடியும்

தலையில்லாத (கழுத்து நுனியில் முறுக்காணிப் பலகை இல்லாத) கிட்டார் கேட்டவருக்கு: ஆமாம், வைத்திருக்கிறேன். நெட் ஸ்டைன்பெர்கர் ஆரம்பித்தது, இப்போது நிறையப் பேர் செய்கிறார்கள். எடை குறைவு, கழுத்துப் பக்கம் சாயாது, பயணத்துக்கு அருமை. வாங்கி வந்த அன்று க்ளிப் ட்யூனரை மாட்டப் போனேன். மாட்டத் தலை இல்லை. சுவரில் தொங்கவிடப் போனேன். கொக்கி பிடிக்கத் தலை இல்லை. இப்போது சோபாவில் உட்கார்ந்திருக்கிறது, விருந்தாளி மாதிரி.

ஜனவரி 28

கிட்டார் சிந்தசைசர், கிட்டாரில் வாசிக்கிற சுரத்தை வேறு வாத்திய ஒலியாக மாற்றித் தருகிற கருவி. ரோலண்ட் 1977இல் ஜிஆர்-500 விட்டதிலிருந்து இது "அடுத்த வருடம் சரியாகிவிடும்" என்று சொல்லப்படுகிற சாமான்.

சிக்கல் எங்கே என்றால், வாசித்த சுரம் எது என்று கருவி கண்டுபிடிக்க அது குறைந்தது ஒரு முழு அலையையாவது பார்க்க வேண்டும். ஆறாவது கம்பி வெறுமனே மீட்டினால் நொடிக்கு 82 அதிர்வு. ஒரு அலைக்கு 12 மில்லிநொடி. முதல் கம்பி நொடிக்கு 330, ஒரு அலைக்கு 3 மில்லிநொடி. நடைமுறையில் ஒரு அலை போதாது, அதனால் தாமதம் இதைவிடக் கூடும்.

ஜனவரி 29

"12 மில்லிநொடி ஒரு பொருட்டா? ஆம்பிலிருந்து நாலு மீட்டர் தள்ளி நின்றாலே அவ்வளவு ஆகிவிடும்" என்று எழுதியிருக்கிறார்கள். கணக்குச் சரி. ஒலி மில்லிநொடிக்கு சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். நான் மேடையில் ஆறு மீட்டர் தள்ளி நின்று வாசித்திருக்கிறேன், உறுத்தியதே இல்லை.

அப்படியானால் சிந்தசைசர் மட்டும் ஏன் உறுத்துகிறது? நேற்று அதை எடுத்து வைத்து ஒரு மணி நேரம் வாசித்துப் பார்த்தேன். தாமதம் ஒரே அளவாக இருந்தால் கை பழகிவிடுகிறது. இங்கே கம்பிக்குக் கம்பி வேறு. ஆறாவது கம்பியிலிருந்து முதல் கம்பிவரை சீராக மீட்டிக்கொண்டு போனால், கேட்பது சீராக இல்லை. கீழ்ச்சுரங்கள் நொண்டிக்கொண்டே வருகின்றன, மேல்சுரங்கள் முந்திக்கொண்டு ஓடுகின்றன. நான் தாளம் தப்புகிறேன் என்று நினைத்தே பல வருடம் அதை ஒதுக்கி வைத்திருந்தேன்.

பரிகாரம்: கீழ்க்கம்பிகளைத் தொடாமல், மேலே ஏறி மூன்று கம்பியில் மட்டும் வாசியுங்கள். புல்லாங்குழல் ஒலி வைத்து மெதுவாக. மோசமாக வாசிக்க முடிகிறதா என்ற என் அளவுகோலுக்கு இது எங்கே போகும் என்று தெரியவில்லை, இதில் மோசம் என்னுடையதா கருவியுடையதா என்றே பிரிக்க முடியவில்லை.

பிப்ரவரி 3

மாடலர்கள், ஆம்பின் சத்தத்தை நிரலில் போலச் செய்கிற கருவிகள். 1998இல் லைன் 6 பாட் அவரைவிதை மாதிரி சிவப்பாக வந்தபோது சிரித்தவர்களில் நானும் ஒருவன். இப்போது கெம்பர், குவாட் கார்டெக்ஸ், இலவசமாகக் கிடைக்கும் நியூரல் ஆம்ப் மாடலர் என்று உங்கள் ஆம்பையே படம் பிடித்துக் கொடுக்கிறார்கள்.

என்னுடைய வால்வு ஆம்பை அந்த இலவச நிரலில் பிடித்தேன். ஒரே ரிஃபை ஆம்பில் நாலு முறை, நிரலில் நாலு முறை பதிவு செய்து, கலைத்துப் போட்டு, கண்ணை மூடிக் கேட்டேன். எட்டில் நாலு சரி. நாணயம் சுண்டியிருந்தாலும் அதே மதிப்பெண்தான்.

பிப்ரவரி 5

மேலே எழுதியதற்கு ஒரு திருத்தம், ரொம்ப முக்கியமானது. பதிவில்தான் வித்தியாசம் தெரியவில்லை. அறையில் தெரிகிறது. ஆம்ப் முன்னால் நின்றால் பேண்ட் கால் ஆடுகிறது, கிட்டாரின் மரம் நெஞ்சில் அதிர்கிறது, சுரம் தானாகவே நீள ஆரம்பிக்கிறது. நிரலில் அது இல்லை.

ஏன் என்று யோசித்தால் நியாயம் புரிகிறது. அந்த நிரல் பிடித்தது ஆம்பை மட்டும் இல்லை, ஆம்புக்கு முன்னால் வைத்த மைக் கேட்டதை. ஆம்பும் மைக்கும் சேர்ந்ததைத்தான் ஹெட்போனில் கேட்கிறோம். அறையில் இருக்கிற ஆம்போடு அதை ஒப்பிடுவது, ஆளையும் அவருடைய போட்டோவையும் பக்கத்தில் நிற்க வைத்து யார் உயரம் என்று பார்க்கிற மாதிரி.

இன்னொரு புகார், இது என்னைப் பற்றியே. நேற்றுச் சாயங்காலம் உட்கார்ந்த ஒரு மணி நேரத்தில் வாசித்தது பத்து நிமிடம்கூட இருக்காது. மிச்ச நேரம் ஆம்ப் மாற்றினேன், கேபினெட் மாற்றினேன், மைக்கை ஒரு அங்குலம் நகர்த்தினேன், பழையபடி திருப்பினேன்.

பிப்ரவரி 5, இரவு

கைக்காசு போடாமல் ஒரு வித்தை வேண்டுமென்றால்: லெஸ் பால் மாதிரி இரண்டு வால்யூம் குமிழ் உள்ள கிட்டாரில் கழுத்துப் பிக்கப்பைச் சுழியாக்குங்கள், பாலத்துப் பிக்கப்பை முழுசாக வையுங்கள். நல்ல டிஸ்டார்ஷன். இடது கையால் ஒரு சுரத்தைத் தட்டிப் பிடித்துக்கொண்டு, வலது கையால் செலக்டரை (பிக்கப் மாற்றும் சுவிட்சை) இப்படியும் அப்படியும் தாளத்துக்கு ஆட்டுங்கள். டாம் மொரெல்லோ இதை வைத்தே ஒரு பாணி உண்டாக்கினார். மோசமாக வாசிக்க முடியுமா? என்னைக் கேளுங்கள்.

பிப்ரவரி 12

நாணயப் பிக். குவீன் குழுவின் பிரையன் மே ஆறு பென்னி நாணயத்தால் வாசிப்பார் என்பது தெரிந்ததுதான். இங்கிலாந்தில் அந்த நாணயம் 1980இலேயே செல்லாததாகிவிட்டது, அவர் விடவில்லை. விளிம்பில் இருக்கும் சின்னப் பற்கள் கம்பியில் உரசி ஒவ்வொரு சுரத்துக்கும் முன்னால் ‘ச்’ என்று ஒரு எழுத்தைச் சேர்க்கின்றன.

கையில் கிடைத்த பல்விளிம்பு நாணயத்தை எடுத்து முயன்றேன். கம்பிக்கு இணையாகப் பிடித்தால் பிளாஸ்டிக் பிக்கோடு பெரிய வித்தியாசம் இல்லை. கொஞ்சம் சாய்த்ததும் அந்த ‘ச்’ வருகிறது. இன்னும் சாய்த்தால் அரம் போடுகிற சத்தம். பிக் வளையவே வளையாது என்பதால் வளைய வேண்டியது விரல். என் பிடி எவ்வளவு இறுக்கம் என்று அன்றுதான் தெரிந்தது. அரைமணியில் கட்டை விரல் வலித்தது. ஒரு வாரத்தில் மூன்றாவது கம்பியில் நாணயம் படும் இடம் தட்டையாகத் தேய்ந்திருந்தது.

அவருடைய கிட்டாரும் வித்தைச் சாமான்தான், 1963இல் அப்பாவோடு சேர்ந்து ஆரம்பித்தது. கழுத்து பழைய கணப்படுப்பின் மேற்சட்ட மரம், ட்ரெமோலோவுக்கு மோட்டார் சைக்கிள் எஞ்சின் வால்வு ஸ்ப்ரிங், கைப்பிடி நுனியில் பின்னல் ஊசியின் முனை, கழுத்துப் புள்ளிகளுக்கு முத்துச்சிப்பிப் பொத்தான்.

பிப்ரவரி 13

"அது ட்ரெமோலோ இல்லை, விப்ராட்டோ" என்று நாலு பேர். தெரியும் ஐயா. சுருதி ஆடினால் விப்ராட்டோ, சத்தம் கூடிக் குறைந்தால் ட்ரெமோலோ. 1954இல் ஸ்ட்ராட்டோகாஸ்டரில் சுருதியை ஆட்டுகிற கைப்பிடிக்கு லியோ ஃபெண்டர் ட்ரெமோலோ என்று பெயர் வைத்தார். அப்புறம் ஆம்பில் சத்தத்தை ஆட்டுகிற சர்க்யூட்டுக்கு விப்ராட்டோ என்று பெயர் வைத்தார். இரண்டையும் மாற்றி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார், நாம் அடித்துக்கொள்கிறோம்.

பிப்ரவரி 25

கேள்வி கேட்டவர் திரும்பி வந்திருக்கிறார். எல்லாவற்றையும் படித்தாராம். பெட்டியைத் திறந்தாராம். கழுத்துப் பக்கம் இறக்கிப் பிக்கப்பை நோக்கி நகர்த்தியும் பார்த்தாராம். "டக் போய்விட்டது, ஆனால் பூவெல்லாம் விரியவில்லை. ஆறாவது கம்பி அசையவே இல்லை. முதல் இரண்டு வாரம் எவ்வளவு நன்றாக வந்தது தெரியுமா? எனக்கு இது கைவராது."

தடித்த கம்பி எழுந்திருக்க நேரம் எடுக்கும், விரலால் லேசாகத் தட்டிக் கொடுங்கள் என்று எழுத ஆரம்பித்தேன். கழுத்துப் பிக்கப்பைத் தேர்ந்திருக்கிறீர்களா என்று கேட்க நினைத்தேன். அப்புறம் அவருடைய முதல் கேள்வியை மறுபடி மேலே போய்ப் படித்தேன். இரண்டு வாரம் நன்றாக வந்தது. அப்புறம் கம்பி சோம்பேறித்தனமாக எழுந்தது.

அடக் கடவுளே. ஏழு வாரமாக நான் ஃபிரிப்பையும் ஃபஸ்ஸையும் பல்துலக்கியையும் இழுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

பேட்டரியை எப்போது மாற்றினீர்கள்?

பிப்ரவரி 25, இரவு

"மாற்ற வேண்டுமா?" என்று பதில் வந்திருக்கிறது.

ஆமாம். 9 வோல்ட், செவ்வகமாக இருக்கும். வாசித்து முடித்ததும் சுவிட்சை அணைத்துவிட்டுப் பெட்டியில் வையுங்கள், நானும் இரண்டு முறை மறந்து காலி செய்திருக்கிறேன்.